பென்னாகரத்துப் புள்ளிக்கு லாசாவும் டியேகோ கார்சியாவும் எதற்கு?

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பென்னாகரம் பக்கம் ஒரு நிலத்தில் கட்டுப்பாட்டுப் புள்ளி (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக வைக்கிற குறி) வைத்து, டிஜிபிஎஸ்ஸை (செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத் துல்லியமாக இடம் அளக்கிற கருவி) நாலு மணி நேரம் ஓடவிட்டு, அன்று சாயந்திரமே ஃபைலை ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்பாஸ் என்கிற இலவச இணையக் கணக்கீட்டுச் சேவைக்கு அனுப்பியிருக்கிறார். புள்ளியின் கோஆர்டினேட் (அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம்) வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே ஃபைலை மறுபடி அனுப்பினால் கிடைமட்டத்தில் சில மில்லிமீட்டர், உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் மாறி வருகிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஹைதராபாத், திபெத்தின் லாசா, இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியா என்று எங்கெங்கோ உள்ள நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களின் பட்டியல். "இதையெல்லாம் யாரு அண்ணா நடத்துறாங்க, ஏன் காசு வாங்காம தர்றாங்க, அதுல ஒரு நிலையம் தப்பா இருந்தா யாருக்குத் தெரியும், ரெண்டு விடையில நான் எதை எழுதுறது?" என்பது கேள்வி.

நல்ல கேள்வி. நம் மாவட்டங்களில் டிஜிபிஎஸ் வைத்திருக்கிற பல பேர் இந்தச் சேவைகளை ஏதோ ஒரு கணிப்பொறி தானாகத் துப்புகிற விடை என்று நினைத்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற மனித உழைப்பு தெரிந்தால் விடையை எவ்வளவு நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நான் கிருஷ்ணகிரியில் சர்வே வேலை பார்க்கிறேன், அதற்கு முன் கொஞ்ச காலம் பெங்களூருவில் இந்த மாதிரித் தரவை ப்ராசஸ் செய்கிற வேலையில் இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பதில் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் யார் என்பது. அந்த நிலையங்கள் பெரும்பாலும் ஐஜிஎஸ் என்கிற சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையைச் சேர்ந்தவை. ஜிஎன்எஸ்எஸ் என்பது ஜிபிஎஸ் மாதிரி இடம் காட்டுகிற செயற்கைக்கோள் அமைப்புகளுக்கெல்லாம் பொதுப் பெயர். 1992இல் ஒரு சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்து, 1994 ஜனவரி 1 முதல் முறையாக நடக்கிறது. சர்வதேச புவியளவையியல் சங்கத்தின் கீழ் வருகிற சேவை இது. எந்த அரசின் துறையும் அல்ல, ஐநா அமைப்பும் அல்ல, கம்பெனியும் அல்ல. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், சர்வே துறைகள், விண்வெளி மையங்கள், தங்கள் தங்கள் செலவில் நடத்துகிற 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்ததுதான் அந்த வலைப்பின்னல். மைய அலுவலகம் அமெரிக்காவில் பாசடீனாவில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அலுவலகம் பெங்களூரு நிலையத்துக்கோ லாசா நிலையத்துக்கோ உத்தரவு போட முடியாது. கரண்ட் பில் கட்டுவது, இடி விழுந்து ரிசீவர் எரிந்தால் புதிதாக வாங்குவது, இணையம் போனால் ஆள் அனுப்பிச் சரிசெய்வது எல்லாம் அந்தந்த ஊர் நிறுவனத்தின் பாடு. அதாவது யாரும் யாரையும் அதட்ட முடியாத ஒரு அமைப்பு முப்பது வருடத்துக்கு மேலாக சென்டிமீட்டர் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதுவே பெரிய ஆச்சரியம்.

ஏன் இலவசம்? தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம், தேவைதான் காரணம். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் நம் புள்ளியின் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றுகிறது. நம் தலைக்கு மேல் வந்தால் சில மணி நேரம் தெரியும், அப்புறம் பசிபிக் பக்கம் போய்விடும். அது அங்கே எப்படி ஓடியது என்று பார்க்க நமக்கு வழியில்லை. ஒரு செயற்கைக்கோளின் பாதையைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கணக்கிட வேண்டுமென்றால் பூமி முழுவதும் பரவலாக நிலையங்கள் வேண்டும், கடல் நடுவில் உள்ள தீவுகளிலும் வேண்டும். டியேகோ கார்சியா, கோகோஸ் தீவு போன்ற இடங்களின் அருமை அதனால்தான். எவ்வளவு பணக்கார நாடாக இருந்தாலும் தன் எல்லைக்குள் மட்டும் நிலையம் வைத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அதனால் ஒவ்வொருவரும் தன் தரவைப் பொதுவில் போட்டுவிட்டு, எல்லோருடைய தரவிலிருந்தும் வருகிற செயற்கைக்கோள் பாதை, கடிகாரக் கணக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். 2015 பிப்ரவரி 26 அன்று ஐநா பொதுச்சபையே இப்படிப்பட்ட உலகப் பொது அளவைச் சட்டகத்துக்கு (எல்லா இடத்தின் கோஆர்டினேட்டையும் ஒரே அடிப்படையில் சொல்கிற ஏற்பாட்டுக்கு) நாடுகள் தரவைப் பகிர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது வந்து சேர்வதற்கு இருபது வருடம் முன்பே இவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

தரவு எப்படிப் பயணிக்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். நிலையத்தில் உள்ள ரிசீவர் 30 வினாடிக்கு ஒருமுறை எடுத்த அளவுகளை ஒரு நாள் ஃபைலாக, பல நிலையங்களில் மணிக்கு ஒரு ஃபைலாகவும், அனுப்புகிறது. அது வட்டார மையம் வழியாகவோ நேராகவோ உலகத் தரவு மையங்களுக்குப் போகிறது. நாசாவின் காடர்ட் மையத்தில் உள்ள சிடிடிஐஎஸ், பிரான்சின் ஐஜிஎன், கொரியா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் என்று பல இடங்களில் ஒரே தரவின் பிரதி இருக்கும். இது வீண் வேலை என்று தோன்றலாம். 2020 அக்டோபர் கடைசியில் சிடிடிஐஎஸ் பெயர் கேட்காத பழைய எஃப்டிபி வாசலை மூடி, கணக்குத் தொடங்கி உள்ளே வரச் சொன்னார்கள், பாதுகாப்பு காரணம். பழைய வாசலை மட்டுமே நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டுகளுக்கு அன்றோடு வழி அடைபட்டது. வேறு மையத்திலும் தேடும்படி எழுதி வைத்திருந்தவர்களுக்கு வேலை நிற்கவில்லை.

ஃபைலின் வடிவமும் ஒரு ஒப்பந்தம்தான். 1989இல் ஐரோப்பா முழுவதும் ஒரே நேரத்தில் ஜிபிஎஸ் அளவை எடுத்தபோது நாலு கம்பெனிகளின் 60க்கும் மேற்பட்ட ரிசீவர்கள் களத்தில் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த மொழியில் ஃபைல் எழுதியது. அதையெல்லாம் ஒரே கணக்கில் கொண்டுவர சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் குர்ட்னர் உருவாக்கியதுதான் ரைனெக்ஸ். நீங்கள் ஆஸ்பாஸுக்கு அனுப்புவதற்கு முன் ரிசீவர் கம்பெனியின் மென்பொருளில் "கன்வர்ட் டு ரைனெக்ஸ்" என்று அமுக்கினீர்களே, அதேதான். அந்த எழுத்து ஃபைலை நோட்பேடில் திறந்து தலைப்பகுதியைப் படித்துப் பாருங்கள். புள்ளியின் பெயர், ரிசீவர் மாடல், ஆன்டெனா மாடல், ஆன்டெனா உயரம், தோராயமான இடம் எல்லாம் வரிவரியாக இருக்கும். பிரச்சினைகளில் பாதி அந்தப் பத்துப் பதினைந்து வரிகளில்தான் பிறக்கிறது. ஏனென்றால் அங்கேதான் மனிதன் கையால் தட்டச்சு செய்கிறான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு நிலையம் தப்பாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

தப்பு என்றால் பல வகை. ஃபைல் வரவில்லை, பாதியில் அறுந்திருக்கிறது, சிக்னல் அடிக்கடி துண்டாகிறது, பக்கத்துத் தகரக் கூரையில் பட்டு எதிரொலித்து வருகிறது, இவையெல்லாம் ஒரு மென்பொருள் ஓட்டினால் எண்ணாக வந்துவிடும். எதிர்பார்த்த அளவுகளில் எத்தனை சதவீதம் வந்தது, எதிரொலிப்பு எவ்வளவு, எத்தனை இடத்தில் சிக்னல் வழுக்கியது என்று தினமும் ஒவ்வொரு நிலையத்துக்கும் கணக்கு எடுக்கிறார்கள். இதற்கு டெக் என்ற மென்பொருளைத்தான் எல்லோரும் வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள், 2019இல் அதன் வளர்ச்சி நின்றதும் அனுபிஸ், ஜிஎஃப்இசட் ரைனெக்ஸ் போன்றவற்றுக்கு மாறினார்கள். நிலையத்தைச் சுற்றி மரம் வளர்வதுகூட இந்த எண்களில் தெரியும். நம் ஊரில் மாந்தோப்பு ஓரம் பேஸ் (ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிற ரிசீவர்) வைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வருடாவருடம் கீழ்வானத்துச் செயற்கைக்கோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இதைவிடக் கொடிய வகை ஒன்று உண்டு. தரவு பளிச்சென்று சுத்தமாக இருக்கும், ஆனால் அது எந்தப் பொருளின் அளவு என்று நாம் நினைப்பது தப்பாக இருக்கும். ஏதோ ஒரு நிலையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பழைய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வேறு மாடலை மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஆன்டெனா சிக்னலை வாங்குகிற மின்னணு மையம் அதன் உடம்பில் எந்த இடத்திலும் கைவைத்துக் காட்டக்கூடிய புள்ளி கிடையாது. மாடலுக்கு மாடல் சில சென்டிமீட்டர் மாறும், சிக்னல் வருகிற கோணத்துக்கு ஏற்பவும் மாறும். மேலே கவிழ்த்து வைக்கிற ரேடோம் என்கிற பிளாஸ்டிக் கூடை இருக்கிறதா இல்லையா என்பதற்கும் மாறும். இதற்கெல்லாம் அளந்து வைத்த திருத்தப் பட்டியல் இருக்கிறது, ஆன்டெக்ஸ் என்று பெயர். ஆனால் எந்த ஆன்டெனா மாட்டியிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தானே எந்தத் திருத்தம் போடுவது என்று தெரியும்? அந்தச் செவ்வாய்க்கிழமை வேலையை யாரும் எழுதி வைக்காவிட்டால், புதன்கிழமையிலிருந்து அந்த நிலையம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். நிலம் நகரவே இல்லை, ஸ்குரூதான் கழன்று மாட்டப்பட்டது.

இதற்காகத்தான் சைட் லாக். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எழுத்து ஃபைல். நிலையத்தின் பிறப்பிலிருந்து மாட்டிய ஒவ்வொரு ரிசீவரும், அதன் வரிசை எண்ணும், உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் பதிப்பும், மாட்டிய தேதி நேரமும், கழற்றிய தேதி நேரமும் அதில் இருக்கும். ஆன்டெனாவுக்கும் அப்படியே. ஆன்டெனாவின் வடக்குக் குறி உண்மையான வடக்கைப் பார்க்கிறதா, எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதற்குக்கூட ஒரு வரி உண்டு. புள்ளி பாறையில் பதிந்ததா, கட்டடத்தின் மேலா, தூண் எவ்வளவு ஆழம், சுற்றி என்ன தடை என்பதும் உண்டு. ஐஜிஎஸ் வழிகாட்டு விதிகள் நிலையக்காரர்களிடம் கேட்பது முக்கியமாக இதுதான்: தேவையில்லாமல் ஆன்டெனாவைத் தொடாதே, தொட வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல், தொட்ட பின் உடனே லாக்கைத் திருத்து. மைய அலுவலகத்தில் வலைப்பின்னல் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். ரைனெக்ஸ் தலைப்பில் எழுதியிருக்கிற ஆன்டெனாவும் சைட் லாக்கில் எழுதியிருக்கிற ஆன்டெனாவும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஊர்க்காரருக்கு மின்னஞ்சல் போகும். திட்டுவதற்கு அதிகாரம் இல்லை. கேட்கலாம், நினைவூட்டலாம், கடைசியில் அந்த நிலையத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். பெரும்பாலும் கேட்டாலே போதும், ஏனென்றால் மறுமுனையில் இருப்பவரும் தன் நிலையத்தின் பெயர் உலகப் பட்டியலில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான்.

இதையும் தாண்டி வந்துவிடுகிற தப்புகளைப் பிடிப்பது கணக்கீட்டு மையங்கள். பெர்னில் உள்ள கோட் என்கிற மையம், ஜெர்மனியில் போட்ஸ்டாமின் ஜிஎஃப்இசட், ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம், எம்ஐடி, கனடாவின் இயற்கை வளத்துறை, சீனாவின் வூகான் பல்கலைக்கழகம், ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் என்று பத்துப் பதினொரு இடங்களில் ஏறக்குறைய ஒரே தரவை எடுத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். முக்கியமாக, பல மையங்கள் வெவ்வேறு மென்பொருளில் போடுகின்றன. பெர்னீஸ், கேமிட், ஜிப்ஸி எல்லாம் தனித்தனிக் குழுக்கள் தனித்தனியாக எழுதியவை. ஆகவே ஒருவருடைய நிரலில் உள்ள பிழை இன்னொருவருடைய விடையில் வராது. இந்த விடைகளை எல்லாம் ஒருங்கிணைப்பாளர் எடை போட்டுச் சேர்க்கிறார், இப்போது அந்தப் பொறுப்பை எம்ஐடியும் ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து பார்க்கின்றன. யாருடைய பாதை மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறதோ அவருக்கு எடை குறையும், அந்த விலகல் எவ்வளவு என்பதும் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். தன் பெயருக்கு நேராக ஒரு பெரிய எண் வந்திருப்பதைப் பார்க்கிற மையம் தானாகவே போய்த் தன் தப்பைத் தேடும். எனக்குத் தெரிந்து மேலதிகாரி இல்லாத இடத்தில் தரத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது. எல்லோருடைய விலகலையும் எல்லோருக்கும் காட்டிவிடுவது.

ஒரு நிலையம் திடீரென்று துள்ளினால் அது நிலமா கருவியா என்று எப்படிப் பிரிப்பது என்றும் கேட்கலாம். அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 3,000 கிலோமீட்டர் தாண்டியும் நிலையங்கள் 5 மில்லிமீட்டருக்கு மேல் துள்ளின. தென்னிந்தியாவே சுமார் ஒரு சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்தது, பென்னாகரமும் கிருஷ்ணகிரியும் அதில் சேர்த்திதான். பல நிலையங்கள் ஒரே நாளில், ஒரே திசையில், தூரத்துக்கு ஏற்ற அளவில் நகர்ந்தால் அது நிலம். ஒரே ஒரு நிலையம் மட்டும், அதுவும் உயரத்தில் மட்டும் துள்ளினால் முதலில் சைட் லாக்கைத் திற. பனி விழுகிற நாடுகளில் ஆன்டெனா மேல் பனி படிந்து குளிர்காலம் முழுக்க உயரம் தள்ளாடி, வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு.

சைட் லாக்கை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், பழைய தரவு பழையதாகவே கிடப்பதில்லை. 1994 முதல் 2020 வரை சேர்ந்த மொத்தத் தரவையும் எடுத்து, புதிய ஆன்டெனாத் திருத்தங்கள், புதிய விசைக் கணக்குகள் எல்லாம் போட்டு மூன்றாவது தடவையாக முதலிலிருந்து கணக்கிட்டார்கள். அந்த விடை ஐடிஆர்எஃப் 2020 என்கிற உலகச் சட்டகத்துக்குள் போனது. 2022 நவம்பர் 27 முதல் ஐஜிஎஸ் தன் வெளியீடுகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், 1996இல் யாரோ ஒருவர் ஆன்டெனாவை மாட்டிவிட்டு "உயரம் 0.046 மீட்டர், ரேடோம் இல்லை" என்று ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் கால் நூற்றாண்டு கழித்து அவருடைய தரவை இன்னும் துல்லியமாக ஆக்க முடிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் எத்தனை நல்ல கணக்கு வந்தாலும் அந்த வருடங்களை அப்படியே வெட்டித்தான் போட வேண்டும்.

சரி, உங்கள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வருகிறேன்.

ஐஜிஎஸ் பாதைக் கணக்கு மூன்று தவணையாக வெளியாகிறது. அல்ட்ரா ரேபிட் ஆறு மணிக்கு ஒருமுறை வரும். அதில் பாதி அளந்தது, மீதி அடுத்த 24 மணி நேரத்துக்கான கணிப்பு, கணிப்புப் பகுதியின் துல்லியம் 5 சென்டிமீட்டர் அளவு. ரேபிட் மறுநாள் வரும். ஃபைனல் 12 முதல் 18 நாள் கழித்து, எல்லா மையங்களும் நிதானமாகப் போட்ட கணக்கு, 2.5 சென்டிமீட்டர் அளவு. ஒப்பிட வேண்டுமென்றால், செயற்கைக்கோளே ஒலிபரப்புகிற பாதையில் பிழை சுமார் ஒரு மீட்டர். நீங்கள் சாயந்திரமே அனுப்பியதால் முதல் ரிப்போர்ட்டில் அல்ட்ரா ரேபிட் என்று இருக்கும், இரண்டாவதில் ஃபைனல் என்று இருக்கும், பாருங்கள்.

ஆனால் உங்கள் வித்தியாசத்துக்குப் பாதை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 20,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செயற்கைக்கோளின் பாதையில் 5 சென்டிமீட்டர் பிழை என்றால், 1,000 கிலோமீட்டர் நீளக் கோட்டில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராகத்தான் இறங்கும். நீங்கள் அனுப்பிய இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் ரிப்போர்ட்டில் பெங்களூரு இல்லை. இரண்டாவதில் ஐஐஎஸ்சி என்று முதல் வரியிலேயே இருக்கிறது, அதாவது இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள நிலையம், உங்களுக்கு மிக அருகில் இருப்பது. நீங்கள் முதலில் அனுப்பியபோது அந்த நிலையத்தின் அன்றைய ஃபைல் மையத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, அதனால் ஆஸ்பாஸ் அதை விட்டுவிட்டு ஹைதராபாத்தையும் தூரத்து நிலையங்களையும் வைத்து முடித்திருக்கிறது. அருகில் உள்ள நிலையம் சேர்ந்தால் காற்றில் உள்ள ஈரத்தின் கணக்கு நன்றாகப் பிடிபடும், உயரம்தான் முதலில் திருந்தும். உங்களுக்கு மாறியதும் உயரம்தானே. ஆகவே எழுத வேண்டியது இரண்டாவது விடை. அவசர வேலையானால் முதல் விடையை வைத்து வேலையைத் தொடங்குங்கள், ஆனால் வாடிக்கையாளருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ரிப்போர்ட்டில் ஃபைனல் மட்டும் போகட்டும். நாலு மணி நேரத் தரவு என்பதும் உயரத்துக்குக் குறைவுதான், முடிந்தால் ஒரு நாள் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து ஐஜிஎஸ்ஸில் நிலையங்கள் ரொம்பக் குறைவு, அதனால்தான் ஒன்று வராவிட்டால் நமக்கு உடனே வலிக்கிறது. ஐரோப்பாவில் ஒரு நிலையம் படுத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தில் பத்து இருக்கும். இப்போது சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க 1,000க்கு மேல் கார்ஸ் நிலையங்கள் (இடைவிடாமல் ஓடுகிற நிரந்தர ஜிஎன்எஸ்எஸ் நிலையங்கள்) வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த புவித்தரவு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் இப்படிப்பட்ட சேவையைப் பயன்படுத்துவது எளிதாகிவிட்டது. நிலத்தில் ரோவரை (கையில் எடுத்துப்போகிற ரிசீவரை) வைத்து உடனுக்குடன் எல்லைக்கல் பார்க்கிற வேலைக்கு அதில் பதிவு செய்துகொண்டு பயன்படுத்துங்கள். இருந்தாலும், அவற்றில் நாட்டின் நாலாபக்கமும் பாறை மேல் உறுதியாக நிற்கிற ஒரு பதினைந்து இருபது நிலையங்களின் 30 வினாடித் தரவையாவது நாம் உலகப் பொதுவில் போட வேண்டும் என்பது என் கருத்து. உலகம் முழுக்க இருந்து எடுத்துக்கொள்கிறோம், நம் பங்கு இன்னும் போதவில்லை. பாறைக்கும் நம்மிடம் பஞ்சமில்லை, கிருஷ்ணகிரி மலையே ஒரு முழுக் கருங்கல்.

ஒரு சின்ன விலகல், நம் பக்கத்துச் செய்தி என்பதால் சொல்கிறேன். ஜவ்வாது மலைக் காவலூரில் தொலைநோக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு காலத்தில் இஸ்ரோவும் சோவியத் அறிவியல் அகாதமியும் சேர்ந்து செயற்கைக்கோள்களைக் கேமராவாலும் லேசராலும் பின்தொடர்கிற நிலையம் நடத்தின. லேசரால் தூரம் அளப்பதற்கும் இதே மாதிரி ஒரு உலக அமைப்பு 1998 முதல் இருக்கிறது, ஐஎல்ஆர்எஸ். ஜிபிஎஸ் மாதிரி நம் நாட்டின் சொந்த அமைப்பான நாவிக் செயற்கைக்கோள்களின் உடம்பில் லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகள் பொருத்தியிருக்கிறார்கள், வெளிநாட்டு நிலையங்கள் அவற்றுக்கு லேசர் அடித்துத் தூரத்தை அளந்து தருகின்றன. ரேடியோவில் போட்ட பாதைக் கணக்கு சரியா என்று ஒளியில் சோதிக்கிற வேலை அது. கருவியும் வேறு, தப்பு வருகிற வழியும் வேறு, அதனால் அந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக உங்கள் ஃபைலைப் பற்றி. ரைனெக்ஸ் தலைப்பில் ஆன்டெனா உயரம் 1.642 என்று இருக்கிறது. அது எங்கிருந்து எங்கே வரை என்று நீங்கள் சொல்லவில்லை. ட்ரைபாடில் வைத்து, தரைக்குறியிலிருந்து ஆன்டெனா விளிம்பில் உள்ள கோடு வரை டேப்பைச் சாய்வாகப் பிடித்து அளந்திருந்தால் அதை அப்படியே போடக்கூடாது. சாய்வுக்கும் செங்குத்துக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த விளிம்புக் கோட்டுக்கும் ஆன்டெனாவின் அடித்தளத்துக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இருக்கும், ஆஸ்பாஸ் கேட்பது அடித்தளம் வரைக்குமான செங்குத்து உயரத்தை. ஆன்டெனா மாடலையும் ஐஜிஎஸ் பட்டியலில் உள்ள பெயர்ப்படியே, எழுத்து பிசகாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் உயரம் பல சென்டிமீட்டர் போய்விடும், நீங்கள் கவலைப்பட்ட ஒன்றரை சென்டிமீட்டர் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம், கோஆர்டினேட்டுக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஐடிஆர்எஃப் கணக்கில் நம் நிலம் வருடத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. பத்து வருடம் முன்பு ஒருவர் வைத்த புள்ளியை நீங்கள் இன்று அளந்தால் அரை மீட்டர் தள்ளிக் காட்டும், கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று ஊரில் சண்டைதான் வரும். எந்தச் சட்டகம், எந்த நாள் என்ற இரண்டும் இருந்தால் பின்னால் வருகிறவர் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்வார்.

உயரத்தை வைத்து வாய்க்கால் மட்டம் போடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ரிப்போர்ட்டில் உள்ள நீள்வட்ட உயரம் (பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கிற வழுவழுப்பான வடிவத்திலிருந்து அளந்த உயரம்) கடல்மட்ட உயரம் அல்ல. நம் பகுதியில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கு மேல் குறைவாகவே வரும். ஐஐஎஸ்சி நிலையமே ரிப்போர்ட்டில் 843 மீட்டர் என்றுதான் இருக்கும், பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பக்கத்தில் உள்ள பெஞ்ச்மார்க் (கடல்மட்ட உயரம் தெரிந்த குறி) ஒன்றிலிருந்து லெவல் ஓட்டி இணைத்துக்கொள்ளாமல் மட்டம் போடாதீர்கள். ஆன்டெனாவின் மாடல் ஸ்டிக்கரையும் டேப் பிடித்த இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது, உயரத்தில் எவ்வளவு கழிப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.